டர்ன்: லேத் பட்டறையிலிருந்து கொண்டை ஊசி வளைவு வரை

நீலகிரி மலையில் உள்ள அருவங்காட்டில் மாலை நேரத்தில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு ஐ.டி.ஐ. மாணவர்கள் வருவார்கள், டூரிஸ்ட் வண்டி ஓட்டும் தம்பிகள் வருவார்கள், தேயிலை ஆலையில் வேலை பார்த்தபடியே அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு படிக்கும் பெண்கள் வருவார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி மிரட்டும் சொல் எது என்று கேட்டால் ‘டர்ன்’ என்பேன். பெரிய பெரிய சொற்களுக்கு அவர்கள் பயப்படுவதில்லை. பெரிய சொல்லுக்கு அநேகமாக ஒரே பொருள்தான். ஒருமுறை படித்துவிட்டால் வேலை முடிந்தது. இது ஆங்கிலத்தில் வெறும் நான்கு எழுத்து. போனில் அகராதியைத் திறந்து இந்தச் சொல்லைத் தட்டினால், விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் தீர்வதில்லை. திரும்பு, திருப்பு, சுழற்று, புரட்டு, வளைவு, முறை, மாறு, புளித்துப்போ, கடை, வயதை எட்டு, உதவி, மயக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். இதற்குப் பின்னால் அப், டவுன், இன், அவுட் என்று ஒட்டிக்கொள்ளும் சிறு சொற்கள் வேறு.

“இத்தனையும் மனப்பாடம் பண்ணணுமா டீச்சர்?” என்று கேட்டான் டர்னர் ட்ரேடில் படிக்கும் பையன். உடனே அடுத்த கேள்வி: “எங்க ட்ரேடுக்கே டர்னர்னுதான் பேரு. ஆனா லேத் முன்னாடி நாங்க எங்கயும் திரும்புறதில்லையே, நின்ன இடத்துலயேதானே நிக்கிறோம்?”

முதல் கேள்விக்கான பதில் அவனுடைய இரண்டாவது கேள்விக்குள்ளேயே இருந்தது. ‘டர்ன்’ பிறந்த இடம் லேத் பட்டறைதான்.

பழைய கிரேக்கத்தில் ‘டோர்னோஸ்’ என்றால் கடைசல் கருவி, அதாவது லேத். வட்டம் வரையும் கருவிக்கும் அதே பெயர். லத்தீனில் அது ‘டோர்னுஸ்’ ஆனது. அதிலிருந்து ‘டோர்னாரே’, அதாவது கடைசல் பிடித்தல். பழைய ஆங்கிலம் இந்தச் சொல்லை லத்தீனிடமிருந்து வாங்கியிருந்தது. 1066-க்குப் பிறகு இங்கிலாந்தை ஆண்ட நார்மன்களின் பிரெஞ்சு வழியாக அதுவே மறுபடியும் வந்து சேர்ந்தது. ஆக, இடம் வலம் திரும்புவது இந்தச் சொல்லின் முதல் பொருள் இல்லை. ஓர் அச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவதுதான் முதல் பொருள். டர்னர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். லேத்தின் பிடியான சக்கில் மாட்டிய ஜாப், அதாவது கடையப்படும் பொருள், சுற்றுகிறதே, அதுதான் டர்ன்.

இதைச் சொன்னதும் நான் தமிழில் ‘கடை’ என்ற வினையை எடுத்துக்கொண்டேன். மரத்தைக் கடைகிறோம், இரும்பைக் கடைகிறோம், தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம். பட்டறைக்கும் அடுக்களைக்கும் ஒரே வினை எப்படி வந்தது? பழங்காலத்துக் கடைசல் எப்படி நடந்தது என்று தெரிந்தால் புரியும். மரக்கட்டையை இரண்டு முனைகளுக்கிடையே பொருத்தி, அதில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் இப்படியும் அப்படியும் மாறி மாறி இழுப்பார். இன்னொருவர் சுழலும் கட்டைமீது உளியை வைத்துச் செதுக்குவார். மத்தில் கயிறு சுற்றி இழுப்பதும் அச்சு அசலாக இதே அசைவுதான். பாற்கடலைக் கடைந்த கதையில் மந்தர மலை மத்து, வாசுகி கயிறு. தேவரும் அசுரரும் மாறி மாறி இழுத்தார்கள். நம் நீலகிரியில் இந்தக் கடைதலைத் தெய்வ வேலையாகவே வைத்திருப்பவர்கள் தோடர்கள். அவர்களுடைய பால்மனைக் கோயிலில் எருமைப் பாலைத் தோய்த்துக் கடைந்து வெண்ணெய் எடுப்பது பூசாரியின் கடமை.

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கச்சிதமாக அமைந்துவிட்டால் ‘வெல் டர்ண்ட்’ என்று பாராட்டுவார்கள். லேத்தில் மெருகேறி வந்த பொருள் போல என்று அர்த்தம். நாம் ‘கடைந்தெடுத்த’ என்கிறோம். சிலையையும் சொல்கிறோம், அயோக்கியனையும் சொல்கிறோம்! அந்தப் பையனின் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. தன் ட்ரேடின் பெயருக்கு இப்படி ஒரு வம்சாவளி இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. தேயிலை ஆலைகளில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர்களைக் கூர்தீட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. இரண்டாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கப் போகிறான்.

அந்த லத்தீன் கடைசல் கருவியிடமிருந்து கிளைத்த சொற்கள் நம் மலையெங்கும் பரவியிருக்கின்றன. ‘டூர்’ அதில் ஒன்று. ஒரு சுற்று போய்விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதுதான் டூர். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்து வருகிறார்களே டூரிஸ்டுகள், அவர்களும் சொல் வழியில் டர்னருக்கு உறவுக்காரர்கள்தான். ‘காண்டூர்’ இன்னொன்று. பொள்ளாச்சிப் பக்கம் காண்டூர் கால்வாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். இங்கே தேயிலைச் செடிகளைச் சரிவின் ஒரே உயரத்தில், மலையைச் சுற்றி வளைத்து வரிசையாக நடுகிறோமே, அதுவும் காண்டூர் நடவுதான். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு நேராக ஓடிவிடாமல் ஒவ்வொரு வரிசையும் தடுக்கும். ‘ரிட்டர்ன்’ வெளிப்படை. ‘டோர்னமெண்ட்’ குதிரை வீரர்கள் திரும்பித் திரும்பி மோதிய போட்டி. ஊட்டித் தோட்டங்களில் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் டர்னிப்பையும் அகராதிக்காரர்கள் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்க விரும்புகிறார்கள். கடைசல் பிடித்தது போல உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு டர்ன் என்றால் வேறு எதுவும் கிடையாது, திருப்பம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வரும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. கல்லட்டிச் சரிவில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கீழ் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். குறுகலான மலைப்பாதையில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதியே இருக்கிறது. இதையெல்லாம் அவர்கள்தான் எனக்குப் பாடம் நடத்துவார்கள். “ஏத்தத்துல நின்ன வண்டிய மறுபடி எடுக்குறது சிரமம்ங்க டீச்சர், எறங்குறவன் நின்னா ஒண்ணும் ஆகாது” என்று ஒரு தம்பி காரணமும் சொன்னான்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடம் அழுத்திச் சொல்வேன். நாம் ‘டர்னிங்’ என்றால் வளைவு. “டர்னிங்ல ஹார்ன் அடி” என்கிறோம். இங்கிலாந்துக்காரர் ‘செகண்ட் டர்னிங் ஆன் த லெஃப்ட்’ என்று சொன்னால் அவர் வளைவை எண்ணவில்லை. இடது பக்கம் பிரியும் இரண்டாவது கிளைச் சாலையைச் சொல்கிறார். மலைப்பாதையில் வளைவை எண்ணிக்கொண்டே போனால் அவர் சொன்ன பங்களா வரவே வராது. வழி கேட்டு வண்டி ஓட்டிப் பிழைக்கும் பிள்ளைகளுக்கு இலக்கணத்தைவிட இது முக்கியம்.

அதே வளைவுகளில் டூரிஸ்ட் குழந்தைகள் வாந்தி எடுப்பதும் தினசரி நடப்பதுதான். காதுக்குள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் தலை சுற்றும் திசையை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குழந்தை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கண் ‘அசையவில்லை’ என்கிறது, காது ‘சுற்றுகிறோம்’ என்கிறது. இரண்டு சேதியும் முட்டிக்கொள்வதில் வயிறு கலங்குகிறது. தமிழில் ‘வயிற்றைப் புரட்டுது’ என்போம். ஆங்கிலத்திலும் வயிறு ‘டர்ன்’ ஆகிறது. தலைசுற்றி வரும் மயக்கத்தையும் ‘டர்ன்’ என்று சொல்லும் வழக்கு அங்கே உண்டு. இதை விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சொன்ன மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

‘உன் டர்ன்’ என்றால் உன் முறை. சுற்று எப்படி முறை ஆனது? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பாடக் கருவி எங்கள் மலை ரயில். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கியது. 1908-இல் ஊட்டி வரை நீண்டது. 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. மொத்தம் 45.88 கிலோமீட்டரில் 208 வளைவுகள். ஆனால் நான் காட்டுவது வளைவுகளை இல்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இரண்டு தண்டவாளங்களுக்கு மத்தியில் பதித்திருக்கும் பல்தண்டுகளை. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம் அது. சாதாரணச் சக்கரம் வழுக்கும். அதனால் நீராவி எஞ்சினில் ஒரு ஜோடி சிலிண்டர் ஓடும் சக்கரங்களை இயக்க, இன்னொரு ஜோடி அடியில் உள்ள பல்சக்கரங்களை இயக்குகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இரண்டு பல்தண்டுகளை அருகருகே வைத்தார். ஆனால் பல்லுக்கு நேராகப் பல் வராமல் பாதி தள்ளி அமைத்தார். ஒரு தண்டின் பல் பிடியை விடும் நேரத்தில் அடுத்ததன் பல் பிடித்துக்கொண்டிருக்கும். எந்த நொடியிலும் வண்டி பிடிப்பில்லாமல் இருக்காது. பற்கள் முறை வைத்துத் தாங்குகின்றன. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு பல்லுக்கும் அதன் நேரம் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. ‘டேக்கிங் டர்ன்ஸ்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. தெருக்குழாயில் குடம் வைத்து முறைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு மீதி தானாகவே புரிந்துவிடுகிறது.

இனி நான் மிகவும் நேசிக்கும் பகுதி.

ஆலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: “பால் கெட்டுப்போனா ‘டர்ண்ட்’னு போட்டிருக்கே டீச்சர், பால் எப்படித் திரும்பும்?”

“உங்க வீட்ல பால் கெட்டா என்ன சொல்லுவீங்க?”

“திரிஞ்சு போச்சும்போம்.”

அவள் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஏனென்றால் திரிதலும் சுற்றுவதுதான். தமிழில் ‘திரி’ என்ற வினை எத்தனை இடத்துக்குப் போயிருக்கிறது என்று கரும்பலகையில் எழுத ஆரம்பித்தோம். மாவு அரைக்கும் கல் திரிகை. குயவர் சக்கரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. பஞ்சை முறுக்கினால் விளக்குத் திரி. நாரை முறுக்கினால் கயிறு திரிக்கிறோம்; வாயால் திரித்தால் பொய். ஒருவர் சொன்னதை வேறாக மாற்றிச் சொன்னால் திரித்துப் பேசுகிறான் என்கிறோம். வேலையில்லாமல் சுற்றினால் ஊரெல்லாம் திரிகிறான். டூரிஸ்ட் என்ற சொல்லைப் பிறப்பித்த அதே எண்ணம்தான் இதுவும். பால் திரிகிறது. தோற்றம் மாறினால் திரிபு. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. நன்னூல் சொற்கள் புணரும்போது நேரும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்கிறது. பால், குடம் இரண்டும் சேர்ந்து பாற்குடம் ஆகும்போது ‘ல்’ ‘ற்’ ஆகத் திரிகிறது. அடுப்பிலும் பால் திரிகிறது, இலக்கணத்திலும் பால் திரிகிறது!

லத்தீனுக்கும் தமிழுக்கும் இந்தச் சொல்லில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அங்கே ஒரு கடைசல் கருவி சுற்றியதிலிருந்து பயணமும் மாற்றமும் கெடுதலும் பிறந்தன. இங்கே திரிகை சுற்றியும் திரி முறுக்கியும் அதே பயணம், மாற்றம், கெடுதல் பிறந்தன. தனித்தனியாகப் புறப்பட்ட இரண்டு மொழிக்காரர்கள் ஒரே மலையுச்சியில் சந்தித்துக்கொண்ட மாதிரி எனக்கு அது தோன்றுகிறது. திரி, திரும்பு, திருப்பு, கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள திருகு எல்லாவற்றையும் ஒரே வேரின் கீழ் வரிசைப்படுத்திய திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-இல் வெளிவந்தது. தொகுத்த இருவரில் ஒருவரான எமனோ, 1930-களில் இந்த நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதியவர். நம் பிள்ளைகள் நடந்து போகும் அதே மண்மீது நடந்து சேகரித்த சொற்கள் அவை. இந்தச் செய்தி நம் மாவட்டப் பள்ளிகளில் சொல்லப்படாமல் இருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

பால் ஏன் திரிகிறது என்றும் அதே மூச்சில் பேசிவிட்டோம். பாலில் பெருகும் நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மை கூடி, அதைக் காட்டும் பி.எச். அளவு இறங்கி 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் என்ற புரதம் கட்டியாகிவிடுகிறது. தேயிலை நிறம் மாறுவது வேறு கதை. அதை ஆலைப் பெண்களே சொன்னார்கள். வாட்டிய பச்சை இலை சி.டி.சி. ரோலர்களுக்கிடையே போகிறது. இரண்டு ரோலரும் எதிரெதிர்த் திசையில், ஒன்று மற்றொன்றைப் போலப் பத்து மடங்கு வேகத்தில் சுற்றும். இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. உள்ளே இருக்கும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதிக்கு அப்போதுதான் காற்று படுகிறது. பச்சை செம்பு நிறமாகிறது. ஆலையில் இதை ‘ஃபெர்மென்டேஷன்’ என்கிறார்கள். நுண்ணுயிருக்கு இதில் வேலையே இல்லை, ஆக்ஸிஜன்தான் வேலை செய்கிறது. ரோலர் சுற்றுவதும் ஆங்கிலத்தில் டர்ன், இலை செம்பாவதும் டர்ன். காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே சொல்.

அப், டவுன், ஆஃப் கூட்டணிக்கு என் மருந்து ஒரு பழைய அரிக்கேன் விளக்கு. பக்கத்தில் உள்ள சின்னத் திருகைத் திருப்பினால் திரி மேலே ஏறும், வெளிச்சம் கூடும். டர்ன் அப். எதிர்ப்பக்கம் திருப்பினால் திரி இறங்கும். டர்ன் டவுன். குழாயைத் திருகி மூடினால் டர்ன் ஆஃப். மின்சார சுவிட்சைத் தட்டுகிறோம், திருகுவதில்லை. ஆனாலும் குழாயும் கேஸ் விளக்கும் கொடுத்த சொல் அதற்கும் நிலைத்துவிட்டது. ரேடியோ சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் இந்தத் திருகிலிருந்து நேராகப் புரியும். ஒருவர் கோரிக்கையை ‘டர்ன் டவுன்’ செய்தார் என்றால் மறுத்தார். அங்கே விளக்கை மறந்துவிட்டுத் தமிழைப் பார்க்கச் சொல்வேன். மனுவைத் திருப்பி அனுப்பினார்கள் என்கிறோம் அல்லவா? ‘டர்ன் ஓவர்’ தோசைக்கும் பொருந்தும், கடையின் மொத்த விற்பனைக்கும் பொருந்தும்; போட்ட முதல் சுற்றிச் சுற்றி வருவதுதான் வியாபாரம். ‘டர்ன் அவுட்’ தேர்தலன்று வீட்டைவிட்டு வெளியே வந்து ஓட்டுப் போட்டவர்களின் கணக்கு.

‘டர்ன் டு’ கொஞ்சம் நிதானமாகச் சொல்லித்தர வேண்டியது. ஒருவரை நோக்கித் திரும்புவது, அதாவது உதவி கேட்டு நிற்பது. இக்கட்டில் ‘நான் யார் முகத்தைப் பார்ப்பேன்’ என்கிறோம். அதற்கு முகத்தைத் திருப்பத்தானே வேண்டும்? ‘அட்டர்னி’ என்ற சொல்லும் அதே கடைசல் குடும்பம்தான். ஒருவருக்காக நிற்கும்படி நியமிக்கப்பட்டவர். நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் ஆஃப் அட்டர்னி பத்திரம் எழுதித் தோட்டத்தை இழந்த கதைகள் இந்த மலையில் எல்லா ஹட்டியிலும், அதாவது படுகர் ஊர்களிலும், இருக்கின்றன. அதனால் அந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரு முழு வகுப்பை ஒதுக்கி, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கும், கையெழுத்துப் போடுமுன் எதைப் படிக்க வேண்டும் என்று பேசினோம்.

எல்லாப் பொருளும் இப்படி வேருக்குள் அடங்கிவிடாது. ‘டர்ண்ட் சிக்ஸ்டி’ என்றால் அறுபது ஆயிற்று. ‘குட் டர்ன்’ என்றால் செய்த உதவி. ‘டர்ன் இன்’ என்றால் படுக்கப் போவது. வேலையைச் சமர்ப்பிப்பதற்கும் அதுவே. இந்த மூன்றுக்கும் வேர் தேடி நேரம் கழிக்க வேண்டாம், நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பக்கம் பக்கமாக மிரட்டிய பட்டியல் மூன்று வரியாகச் சுருங்கியதும், டர்னர் பையன் அவற்றைத் தன் வொர்க்‌ஷாப் டைரியின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு போனான்.